எஸ்டிமேட்டில் இல்லாதது களத்தில் நடக்காது

கேள்வி: எங்கள் ஊர் கேரளத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழ்நாட்டு எல்லைக்குப் போகிற வழியில் இருக்கிறது. மகள் பஞ்சாயத்து எல்.பி. பள்ளியில், தமிழ்வழியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியின் நீளக் கட்டடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதில் பாதியைப் போன ஓணம் லீவில் மாற்றுவதாகச் சொன்னார்கள். வேலை இழுத்துக்கொண்டு போய், பள்ளி திறந்த பிறகும் நடந்தது. ஷீட்டைச் சுத்தியலால் அடித்து உடைத்து மேலிருந்தே கீழே போட்டார்கள். பக்கத்து அறையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மிச்சப் பாதியை வரும் கோடை விடுமுறையில் மாற்றப் போகிறார்கள். ஹெச்.எம்.மை (தலைமை ஆசிரியரை) கேட்டால் ‘ஏ.இ. (பஞ்சாயத்து உதவிப் பொறியாளர்) பார்த்துக்கொள்வார்’ என்கிறார். ஏ.இ. ஆபீசில் ‘கான்ட்ராக்டர் பொறுப்பு’ என்கிறார்கள். பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்க) கூட்டத்தில் கேட்டால் ‘ஸ்கூலுக்கு நல்லது நடக்கும்போது எதுக்குத் தடுக்கறே’ என்கிறார்கள். கழற்றியதில் உடையாத ஆறு ஷீட்டை நானே விலை கொடுத்து வாங்கி ஆட்டுக் கொட்டகைக்குப் போட்டிருக்கிறேன். மேற்பார்வை யாருடைய வேலை? நாங்கள் என்ன கேட்கலாம்? அந்தத் தூசியைச் சுவாசித்த என் மகளுக்கு ஏதாவது ஆகுமா?

— ஒரு தகப்பன், சித்தூர் தாலுகா

பதில்:

மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா என்பதால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன் தம்பி. ராத்திரி உங்களைத் தூங்கவிடாதது அதுவாகத்தான் இருக்கும்.

நான் டாக்டர் இல்லை, சிவில் இன்ஜினியர். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டிய அளவுக்கு இது தெரியும். சில நாள் பக்கத்து அறையில் இருந்து சுவாசித்த தூசியால் உங்கள் மகளுக்கு நோய் வந்துவிடும் என்று பயப்படவேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் நோய்கள் பெரும்பாலும் ஆலையிலும் சுரங்கத்திலும் கப்பல் கட்டும் தளத்திலும் வருடக்கணக்கில் அந்தத் தூசியோடு வாழ்ந்தவர்களுக்கு வந்தவை. சுவாசித்த அளவு கூடக் கூட ஆபத்து கூடும். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் ஆபத்து மிகச் சிறியது. ஆனால் ‘இந்த அளவுக்குக் கீழே பயமே இல்லை’ என்று கோடு போட்டுக் காட்ட இதுவரை முடியவில்லை. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. நோய் வெளியே தெரிய 20, 30, 40 வருடம்கூட ஆகும். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்பது இதனால்தான்: அந்த 40 வருடம் அவர்களுக்கு முன்னால் முழுதாக இருக்கிறது.

இப்போது எக்ஸ்ரே, ஸ்கேன் எதுவும் எடுக்காதீர்கள். அதில் ஒன்றும் தெரியாது, பிள்ளைக்கு வீண் கதிர்வீச்சுதான் மிச்சம். எந்த மாதம், எத்தனை நாள் இப்படி நடந்தது என்று அவளுடைய தடுப்பூசி அட்டையோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள், போதும். நீங்கள் பீடி, சிகரெட் பிடிக்கிறவராக இருந்தால் உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். புகையும் ஆஸ்பெஸ்டாஸும் சேரும்போது நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகிறது. ஷீட்டைச் சுமந்து கொட்டகை போட்டவர் நீங்கள்தானே.

இனி கூரைக்கு வருவோம். அந்த ஷீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ்; மிச்சம் சிமென்ட். உடையாமல், துளைக்காமல், சுரண்டாமல் மேலே கிடக்கிறவரை கல்நார் பெரும்பாலும் சிமென்ட்டுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். வருடங்கள் போகப் போக மேல்தோல் அரித்து, இறவாணத்து ஓரத்து மண்ணில் கொஞ்சம் இறங்கும், அதுவும் உண்மைதான். ஆனால் மொத்தமாகப் பூட்டு உடைவது கழற்றும் நாளில். அதாவது, கூரை அபாயம் என்று சொல்லிக் கூரையை எடுக்கிற வேலைதான் அந்தக் கட்டடத்தின் ஆயுளிலேயே அதிக அபாயமான வேலை. உங்கள் பள்ளியில் நடந்ததும் அதுதான். எண்ணம் நல்லது, செய்த விதம் கெட்டது.

ஏன் சுத்தியலால் அடிக்கிறார்கள்? கூலியாட்களைக் குறை சொல்லாதீர்கள். ஷீட்டைப் பிடித்திருப்பது ஜே போல்ட். முப்பது வருடத்து மழையில் நட்டு துருப்பிடித்து இறுகியிருக்கும். ஒவ்வொன்றாக போல்ட் கட்டர் வைத்து வெட்டி, ஷீட்டை முழுதாக இறக்கினால் நாலு நாள். அடித்து உடைத்தால் ஒரு நாள். எஸ்டிமேட்டில் ‘பழைய கூரை பிரித்தல், சதுர மீட்டருக்கு இவ்வளவு’ என்று ஒரே வரி இருந்தால், கான்ட்ராக்டர் ஒரு நாள் கூலியைத்தான் மனதில் வைத்து டெண்டர் போடுவார். அப்புறம் நீங்கள் போய் நின்று ‘மெதுவாக எடுங்கள், தண்ணீர் தெளியுங்கள்’ என்றால், மிச்ச மூன்று நாள் கூலியை யார் கொடுப்பது? ஏ.இ. நல்லவர், ஓவர்சியர் நல்லவர், ஹெச்.எம். நல்லவர், எல்லாம் சரி. எஸ்டிமேட்டில் இல்லாத ஒன்றை எவ்வளவு நல்ல மேற்பார்வையாலும் களத்தில் கொண்டுவர முடியாது.

ஆகவே உங்கள் கவலை ஏப்ரல் மாதத்துக்கு உரியது அல்ல, இந்த மாதத்துக்கு உரியது. எஸ்டிமேட் போடும்போதுதான் மேற்பார்வை தொடங்குகிறது. வேலை தொடங்கிய பிறகு நடப்பது வெறும் வேடிக்கை பார்த்தல்.

அந்த எஸ்டிமேட்டில் என்னென்ன தனித்தனி வரியாக இருக்கவேண்டும் என்று சொல்கிறேன். போல்ட்டை வெட்டி ஷீட்டை முழுதாக இறக்குவது. அதற்கு உள்ளிருந்து சாரம் கட்டுவது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் ஏறி நடந்து, ஷீட் உடைந்து விழுந்து சாகிற தொழிலாளிகள் நம் நாட்டில் நிறைய. தூசி 30 வருடம் கழித்துக் கொல்லும், விழுந்தால் அன்றைக்கே சாவு. தூசி அடங்க ஷீட்டை நனைக்கச் சொல்வோம், நனைந்த ஷீட்டோ வழுக்கும். அதனால் நனைத்த ஷீட்டின் மேல் யாரும் கால் வைக்கவே கூடாது. சாரமும், குறுக்கே போடுகிற பலகையும், இடுப்பில் கட்டும் பெல்ட்டும் எஸ்டிமேட்டில் இருக்கட்டும்.

அடுத்தது நனைப்பது. சோப்புக் கரைசல் கொஞ்சம் கலந்த தண்ணீரை, பூச்சிமருந்து அடிக்கிற கைத்தெளிப்பானால் மெல்லத் தெளித்தால் போதும். பிரஷர் வாஷர் கூடவே கூடாது, அது பாசியோடு ஆஸ்பெஸ்டாஸ் நாரையும் பிய்த்து ஊரெல்லாம் இறைக்கும். ஆட்களுக்கு நாரை வடிகட்டும் தரத்து மாஸ்க்: பி-100 அல்லது எஃப்.எஃப்.பி-3 என்று பெயர் போட்டே எழுதவேண்டும். மூக்கைத் துண்டால் கட்டிக்கொள்வதும், கொரோனா காலத்து நீலத் துணி மாஸ்க்கும் இதற்கு உதவாது. இறக்கிய ஷீட்டைத் தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒட்டி, மேலே ‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்று எழுதவேண்டும். தரையில் விழுந்த துண்டுகளையும் தூசியையும் ஈரத்துணியால் துடைத்து எடுக்கவேண்டும். உலர் விளக்குமாறு அந்த வளாகத்துக்குள்ளேயே வரக்கூடாது. கடைசியில் இறவாணம் சொட்டும் ஓரத்து மேல்மண்ணையும் ஈரமாகவே வழித்து எடுத்து அதே மூட்டையில் கட்டவேண்டும். நம் பிள்ளைகள் கோலி விளையாடுவது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான்.

பழைய ஷீட் எங்கே போகிறது? பெரிய ஓட்டை இங்கேதான். வழக்கமாகப் பழைய சாமானுக்கு ஒரு விலை போட்டு ஏலம் விடுவார்கள், அல்லது பில்லில் கழித்துக்கொண்டு கான்ட்ராக்டரையே எடுத்துப்போகச் சொல்வார்கள். அவர் உடையாததைக் கொட்டகைக்கு விற்பார், உடைந்ததைக் குளத்தங்கரையிலோ ரோட்டுப் பள்ளத்திலோ கொட்டுவார். பள்ளியில் அபாயம் என்று எடுத்ததை ஊருக்கே பிரித்துக் கொடுத்த கதை. வீணான ஆஸ்பெஸ்டாஸ், 2016 அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல் ஆலைக்குத்தான், இடிப்பு வேலைக்கு இல்லை என்று சிலர் இழுப்பார்கள். இழுக்கட்டும். ஆஸ்பெஸ்டாஸ் கழிவை எப்படி அப்புறப்படுத்துவது என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பே 1986இல் ஐ.எஸ். 11768 என்ற எண்ணில் வழிமுறை எழுதி வைத்திருக்கிறது. கேரளத்தில் அபாயக் கழிவைப் புதைக்கிற இடம் கொச்சியில், அம்பலமேட்டில் இருக்கிறது. அங்கே வரை லாரி வாடகையும் அங்கே கட்டவேண்டிய கட்டணமும் எஸ்டிமேட்டில் ஒரு வரி. ‘பழைய சாமான் மதிப்பு’ என்ற வரியில் ஷீட்டுக்கு எதிரே பூஜ்யம் இருக்கவேண்டும். அதில் ஒரு ரூபாய் எழுதியிருந்தாலும் அந்த ஷீட் ஊருக்குள்தான் போகும் என்று அர்த்தம்.

யார் மேற்பார்வை என்று கேட்டீர்கள். காகிதப்படி பஞ்சாயத்தின் ஏ.இ.யும் ஓவர்சியரும். ஒவ்வொரு ஜூனுக்கும் முன்னால் பள்ளிக் கட்டடம் பாதுகாப்பானது என்று பிட்னஸ் சான்று கொடுப்பதும் அவர்கள்தான். ஆனால் வேலையை விரைவாக முடிக்கச் சொல்லி எல்லாப் பக்கமும் நெருக்கப்படுகிறவரும் அதே ஏ.இ.தான். அவரை மட்டும் நம்பி விடுவது அவருக்கும் நல்லதில்லை. மெம்பர், ஹெச்.எம்., பி.டி.ஏ.வில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கண்காணிப்புக் குழு வையுங்கள், அதில் ஒருவராவது அம்மாவாக இருக்கட்டும். குழுவுக்கு இரண்டே அதிகாரம் போதும். ஒன்று, பிள்ளைகளோ அங்கன்வாடியோ சத்துணவுச் சமையலோ வளாகத்தில் இருக்கும் நாளில் பிரிக்கும் வேலை கிடையாது. இரண்டு, அம்பலமேட்டு ரசீது கைக்கு வராமல் கடைசி பில்லுக்கு ஏ.இ. கையெழுத்துப் போடக்கூடாது. ரசீதில் எழுதிய எடையும், எம்-புக்கில் (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகத்தில்) எழுதிய கூரைப் பரப்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு சதுர மீட்டர் ஷீட் ஏறக்குறைய 13 முதல் 16 கிலோ இருக்கும். ஐந்து டன் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு டன்னுக்கு ரசீது வந்தால் மிச்சம் எங்கே என்று கேட்க உங்களுக்கு இன்ஜினியர் வேண்டாம்.

ரசீது, பதிவேடு என்று நான் இவ்வளவு வற்புறுத்தினாலும், கோப்பு ஒழுங்காக இருப்பதை நம்பி ஏமாறவும் கூடாது. அமெரிக்காவில் 1986இல் பள்ளிகளுக்கென்றே ஆஸ்பெஸ்டாஸ் சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு பள்ளியும் எங்கெங்கே அது இருக்கிறது என்று ஆய்வு செய்து திட்டம் எழுதி ஆபீசில் வைக்கவேண்டும், பெற்றோர் கேட்டால் காட்டவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு பார்வை, மூன்று வருடத்துக்கு ஒரு மறு ஆய்வு. நியூயார்க் நகரத்துப் பள்ளிகளிலும் ஆய்வு நடந்தது, கோப்பும் இருந்தது. 1993 ஆகஸ்டில்தான் அந்த ஆய்வுகளை நம்ப முடியாது என்பது வெளியே வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளை மறுபடி பார்க்கவேண்டியிருந்ததால் பள்ளி திறப்பே பத்து நாளுக்கு மேல் தள்ளிப்போயிற்று. அதே சட்டத்தின் கீழ், செய்யவேண்டிய ஆய்வுகளைச் செய்யவில்லை என்று 2025இல் பிலடெல்பியா பள்ளி நிர்வாகத்தின் மேலேயே குற்ற வழக்குப் பதிந்தார்கள். சட்டம் உள்ள ஊரிலேயே இப்படி.

அதனால் உங்கள் கண்ணால் பார்க்கிற ஒரு சோதனையும் வேண்டும். வேலை முடிந்து துடைத்த பிறகு, அறையை இருட்டாக்கி ஒரு நல்ல டார்ச்சைத் தரையோடு தரையாக, சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத தூசி சாய்ந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். சுவரின் தலைப்பகுதி, ஜன்னல் மேடை, அலமாரியின் மேல்பக்கம், ஃபேன் இறக்கை எல்லாம் பாருங்கள். தூசி தெரிந்தால் மறுபடி ஈரத்துடைப்பு. நாரைக் கண்ணால் பார்க்க முடியாது, அது உண்மைதான். ஆனால் தூசியே இல்லாத அறையில் நாரும் மிகக் குறைவாகத்தான் இருக்கும். காற்றைச் சோதிக்க வசதி கிடைத்தால் நல்லது, அந்த ஆய்வகத்துக்குக் காசு கொடுப்பவர் மட்டும் கான்ட்ராக்டராக இருக்கக்கூடாது.

‘தடுக்கறே’ என்று சொல்கிறவர்களுக்குக் காட்ட உங்களிடம் கொஞ்சம் காகிதம் வேண்டும் இல்லையா? கேரள மாநில மனித உரிமை ஆணையம் 2009 ஜனவரியில் தெளிவாகப் பரிந்துரைத்திருக்கிறது: அரசுப் பள்ளிகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் படிப்படியாக எடுத்து நாட்டு ஓடு போடவேண்டும், தனியார் பள்ளிகளும் காலக்கெடுவுக்குள் மாற்றவேண்டும், இனிப் புதிய பள்ளியை அந்தக் கூரையோடு தொடங்க விடக்கூடாது என்று. அதே 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான கட்டடத்தில் படிப்பது பிள்ளையின் அடிப்படை உரிமையோடு சேர்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு 2004இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் வெந்து செத்த தீயிலிருந்து வந்தது. கீற்றுக் கூரைக்குப் பயந்து அதன் பிறகு பல பள்ளிகளில் ஏறியது இந்த ஷீட்தான் என்பது ஒரு கொடுமையான வேடிக்கை.

எஸ்டிமேட் நகலும் போன தடவை வேலையின் எம்-புக் பக்கங்களும் வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தரவேண்டும். கூடவே பஞ்சாயத்து செயலாளருக்கு ஒரு தனி மனுவும் எழுதுங்கள். மலையாளம் எழுத வராதே என்று தயங்கவேண்டாம். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம் என்கிறது. ஆனால் எனக்கு நடைமுறை முக்கியம். தமிழில் எழுதி, கீழே நாலு வரி மலையாளத்தில் சுருக்கமும் சேர்த்துக் கொடுத்தால் மேசை மாறி மாறிக் கிடக்காது. பள்ளியில் மலையாளம் எடுக்கிற டீச்சர் எழுதிக் கொடுப்பார்.

இன்னொரு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விட்டால் தப்பு. புதுக் கூரை என்ன போடுகிறார்கள்? ஓடு என்றால் அதன் பாரம் ஆஸ்பெஸ்டாஸைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு. பழைய கைமரம் தாங்குமா என்று கணக்குப் போடாமல் ஏற்றக்கூடாது. தகரம் என்றால் தலைகீழ்ப் பிரச்சினை: பாரம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் எப்படி அடிக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கூரையைக் கீழே அமுக்குவது அல்ல, மேலே தூக்குவதுதான் அந்தக் காற்றின் குணம். சட்டத்தைச் சுவரோடு போல்ட் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறதா, ஓரங்களில் ஸ்க்ரூ நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தகரத்தின் சூடு தாங்காது, அடியில் சீலிங் வேண்டும். தகரக் கூரைக்கு எர்த் கட்டாயம். மேலே போகிற கரண்டுக் கம்பிக்கும் கூரைக்கும் இடைவெளி போதுமா என்று மின்வாரியத்திடம் எழுத்தில் வாங்குங்கள். 2025 ஜூலையில் கொல்லம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், சைக்கிள் கொட்டகைக் கூரை மேல் விழுந்த செருப்பை எடுக்க ஏறிய எட்டாம் வகுப்புப் பையன் தாழ்ந்து தொங்கிய கம்பியில் அடிபட்டு இறந்தான். அதற்கப்புறம் பள்ளிகளிலெல்லாம் பாதுகாப்பு ஆய்வு நடந்தது. உங்கள் பள்ளியின் ஆய்வுத் தாளையும் அதே மனுவில் கேளுங்கள்.

ஆட்டுக் கொட்டகை ஆறு ஷீட்டை இப்போது அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். உடையாமல் இருந்தால் அப்படியே கிடக்கட்டும். புதிதாகத் துளை போடுவது, தேய்த்துக் கழுவுவது, பாசி சுரண்டுவது எதுவும் வேண்டாம். உடைந்த துண்டு ஏதாவது இருந்தால் நனைத்து, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, பிள்ளைகள் கை படாத இடத்தில் வையுங்கள். பள்ளி லாரி அம்பலமேட்டுக்குப் போகும்போது இந்த ஆறையும், ஊரில் வாங்கிய மற்றவர்கள் ஷீட்டையும் சேர்த்து ஏற்றவேண்டும் என்று மனுவில் ஒரு பத்தி எழுதுங்கள். நீங்கள் கொடுத்த காசு திரும்பி வராது. ஆனால் ‘நானும் வாங்கியிருக்கிறேன், என்னுடையதையும் எடுங்கள்’ என்று எழுதுகிற ஆளைப் பார்த்து ‘தடுக்கறே’ என்று சொல்வது கஷ்டம்.

வேலை கோடை விடுமுறையில் நடந்து, மழைக்கு முன்னால் முடிந்து, டார்ச் சோதனையும் பார்த்துவிட்டால், ஜூனில் மகளைத் தாராளமாக அனுப்புங்கள். பள்ளி திறக்கிற நாளிலும் ஷீட் பிரித்துக்கொண்டிருந்தால், அந்தக் கட்டடத்தில் வகுப்பு வைக்கக்கூடாது என்று ஏ.இ.ஓ.வுக்கு (உதவிக் கல்வி அதிகாரிக்கு) அன்றைக்கே எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள். எஸ்டிமேட் நகல் கைக்கு வந்ததும் கூரை பிரிக்கும் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த வரி விட்டுப்போயிருக்கிறது என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.